பயனாளி பேசுவார்

உள்ள விட மாட்டீங்கன்னா வேணாம்மா. ரூல்ஸுன்னா ரூல்ஸுதான். நானும் இத்தனை வருஷமா கேட்டைப் பூட்டித் திறக்கற உத்தியோகம்தான் பாக்கறேன், எனக்குத் தெரியாதா? ஆதிதிராவிடர் நல விடுதி, காலேஜ் படிக்கற பொண்ணுங்களுக்கு. அங்க நான் காப்பாளினி. பிள்ளைங்க மேடம்னு கூப்பிடும். நீங்களும் அப்படியே கூப்பிடுங்க, எனக்கு அதுதான் பழகிப் போச்சு.

போன்ல சொல்லிட்டீங்க இல்ல? எழிலரசி. தையல் செக்‌ஷன். டீ டைமுக்கு வருவான்னாங்களா? சரி, வரட்டும். இந்த ஸ்டூல்ல உக்காரலாமா? முட்டி ரெண்டும் போச்சும்மா எனக்கு. ரெண்டு பஸ் மாறி, மெயின் ரோட்டுல இருந்து இந்த வெயில்ல நடந்து வந்திருக்கேன். ஷூ கம்பெனி எங்கன்னு கேட்டா ஆளுக்கொரு பக்கம் கையக் காட்டறான். போன் போட்டா இவ எடுக்க மாட்டேங்கறா. வேற நம்பர்ல இருந்து போட்டா எடுக்கறா, என் குரலைக் கேட்டதும் வெச்சிடறா. நான் என்ன வட்டிக்காரியா, என்னைக் கண்டு ஓடறதுக்கு?

சொந்தமான்னா கேக்கறீங்க? சொந்தத்துக்கும் மேல. அந்தப் பொண்ணுக்குப் பேசக் கத்துக் குடுத்தது யாருன்னு நெனைக்கறீங்க? நான்தான். செக்யூரிட்டி சட்டையில பேரு என்ன போட்டிருக்கு, சகாயமேரியா? நல்ல பேரும்மா. கேளுங்க, சகாயமேரி. நீங்களே சொல்லுங்க நியாயத்த.

எங்க ஹாஸ்டல் இருந்த லட்சணம் உங்களுக்குத் தெரியாது. அம்பது பேருக்குக் கட்டின கட்டடம், இருந்தது நூத்துக்கு மேல. பெட்டி மேல பெட்டி. கால் நீட்டினா அடுத்தவ மூஞ்சியில இடிக்கும். கக்கூஸ் இருந்தது நாலு. அதுல ரெண்டுக்குக் கதவு கிடையாது, ஒண்ணுல தண்ணி வராது. விடியறதுக்குள்ள பிள்ளைங்க பின்னாடி முள்ளுக்காட்டுக்குப் போயிட்டு வரும். ஒருத்தியப் பாம்பு கடிச்சிடுச்சு. பொழைச்சுக்கிட்டா, ஆனா படிப்ப விட்டுட்டு ஊருக்குப் போனவதான், திரும்பி வரல.

நான் எழுதாத மனுவா, ஏறாத ஆபீஸா? நிதி வரட்டும் பாக்கலாம்பாங்க. எங்கேந்து வரும்? பிள்ளைங்களோட ஸ்காலர்ஷிப்பே அதுங்க படிச்சு முடிச்சு வீட்டுக்குப் போனப்புறம்தான் வந்து சேரும். அது வர்ற வரைக்கும் காலேஜ்ல ஃபீஸ் பாக்கின்னு சர்டிபிகேட்டைக் குடுக்க மாட்டாங்க. படிச்ச பிள்ளைங்க சர்டிபிகேட் இல்லாம வீட்டுல உக்காந்திருக்கும். அந்த லட்சணத்துல கக்கூஸுக்கு யாரு அழுவா?

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. மனு எழுதினா ஒண்ணும் வராது, ஆளக் கூட்டியாந்து காட்டினாத்தான் வரும். ஊர்ல இருக்கற சங்கத்துக்காரங்க, மில்லுக்காரங்க, மெட்ராஸ்ல இருந்து டிரஸ்ட்டுக்காரங்க, இவங்கள்லாம் வருஷத்துக்கு ஒரு தடவ போர்வை, பக்கெட்டுன்னு தூக்கிக்கிட்டு வருவாங்க. அழைப்பிதழ்ல கடைசிக்கு முன்னாடி ஒரு வரி இருக்கும், 'பயனாளி பேசுவார்'னு. ஒரு பிள்ளை மேடை ஏறி நன்றி சொல்லணும். எங்க பிள்ளைங்க என்ன பண்ணும்? தன் கால் விரலப் பாத்துக்கிட்டே நன்றி வணக்கம்னுட்டு ஓடி வந்துடும். வந்தவங்க போட்டோ எடுத்துக்கிட்டு, போண்டாவத் தின்னுட்டுப் போயிடுவாங்க. அடுத்த வருஷம் மறுபடியும் அதே பக்கெட்டு.

இந்த எழில் பிஎஸ்சி பிசிக்ஸ் சேந்து ரெண்டு மாசம்கூட ஆகல. போர்வை குடுக்கற அன்னிக்குப் பேச வேண்டிய பிள்ளைக்குக் காய்ச்சல். முன்னால உக்காந்திருந்தவளப் பிடிச்சுத் தள்ளிவிட்டேன், நீ போடின்னு. போனா. பேரு சொன்னா, ஊரு சொன்னா. எங்கப்பா கிணறு வெட்டற வேலை, மண்ணு சரிஞ்சு உள்ளயே போயிட்டாரு, அம்மா கரும்பு வெட்டப் போறாங்க, நான் படிக்கறேன், நன்றின்னுட்டு இறங்கிட்டா. அவ்வளவுதான். ஆனா முன் வரிசையில ஒரு அம்மா கர்ச்சீப்ப எடுத்துட்டாங்கம்மா! ஒரு வாரம் கழிச்சுக் குடிதண்ணி மிஷின் வந்து இறங்குது. அட பாவி மகளே, உன்கிட்ட இத்தனை இருக்கான்னு நெனைச்சுக்கிட்டேன்.

அப்புறம் நான் உக்காந்து சொல்லிக் குடுத்தேன். அவ சொன்னது சும்மா தகவல் மாதிரி இருந்துச்சு, அதுல உசுரு வேணாமா? அவங்கப்பா செத்தப்ப இவ எட்டாவதாம். ஸ்கூல்ல உக்காந்திருந்தாளாம், வாத்தியார் வண்டியில கூட்டிக்கிட்டுப் போய் விட்டாராம். இத மேடையில சொன்னா நிக்குமா? நீ கிணத்துக் கரையில நின்னேன்னு சொல்லு, கையில அப்பாவுக்குச் சோத்துத் தூக்கு இருக்குன்னு சொல்லு, அப்பா உள்ளேந்து அண்ணாந்து உன்னப் பாத்து 'படிம்மா எழிலு'ன்னாரு, அப்ப மண்ணு சரிஞ்சுதுன்னு சொல்லு, அப்படின்னேன். மண்ணு சரிஞ்சுதுன்னதும் பேச்ச நிறுத்தணும். மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு எண்ணணும். அப்புறம்தான் அடுத்த வார்த்தை.

"நான் அங்க இல்லியே மேடம்"னா.

"இருந்திருந்தா பாத்திருப்ப இல்ல? அப்புறம் அது எப்படிப் பொய்யாகும்?"னேன். அடுத்த தடவ அப்படியே சொன்னா. புத்திசாலிப் பொண்ணு, சொன்னா புரிஞ்சுக்குவா.

அதுக்கப்புறம் யாரு வந்தாலும் எழில்தான். போர் போட்டாங்க, மோட்டார் வந்துச்சு. கக்கூஸுக்குக் கதவு வந்துச்சு, கட்டில் வந்துச்சு. எல்லாம் அந்த ஒரு பேச்சு. நடுவுல ஒரு தடவ என்கிட்ட வந்து, மேடம், இந்தத் தடவ நான் படிக்கற படிப்பப் பத்திப் பேசட்டுமா, லேப்ல வெளிச்சத்த வெச்சு ஒண்ணு பண்றோம், அதச் சொல்லட்டுமான்னு கேட்டா. அடி என் கண்ணே, வெளிச்சத்துக்கு யாருடி கட்டில் வாங்கித் தருவான்னேன். சிரிச்சிட்டா. அவ சிரிச்சாத்தான் நல்லாயிருப்பா.

நீங்க ஏம்மா ஒரு மாதிரி பாக்கறீங்க? நானும் ஹாஸ்டல் சோறு தின்னு வளந்தவதான். அதே சனம், அதே தெரு. என் காலத்துல ஆபீசர் வந்தா வரிசையில நின்னு பாட்டுப் பாடிக் கும்பிடணும். ஒரு தடவ என்னைய மேடையில நிக்க வெச்சு, என் பழைய பாவாடையத் தூக்கிக் காட்டி, இப்படிக் கிழிசலோட வந்த பிள்ளைங்க அப்படின்னு சொல்லிப் புதுசு குடுத்தாங்க. எனக்கு என்ன குறைஞ்சு போச்சு? கவர்மெண்ட் வேலையில இல்லையா இன்னிக்கு? அந்தப் பச்சைப் பாவாடைகூட இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. அதெல்லாம் போகட்டும்.

எழில் எம்எஸ்சி கடைசி வருஷம். ஒரு பெரிய டிரஸ்ட்டு, பேரு வேணாம், புதுக் கட்டடமே கட்டித் தரோம்னாங்க. கீழ ரூம், பக்கத்துலயே பாத்ரூம், உக்காந்து படிக்கறதுக்கு ஒரு ஹால். ஆனா சேர்மன் நேர்ல வந்து பாத்துட்டுத்தான் சொல்லுவாரு. என் உத்தியோகத்துல அப்படி ஒரு நாள் மறுபடி வருமா? தேதியும் குறிச்சாச்சு.

அதே நேரத்துலயா இவளுக்கு இண்டர்வியூ வரணும்! புனேயில ஏதோ ஆராய்ச்சி நிலையமாம், பிஎச்டி சீட்டாம். எழுத்துப் பரீட்சையில தேறிட்டா. எங்க ஜில்லாவுலயே இவ ஒருத்திதானாம். எல்லாம் அந்த பிசிக்ஸ் புரொபசர் ஞானசேகர் ஏத்திவிட்டது. காலேஜ் விட்டப்புறமும் லேப்ல உக்கார வெச்சுச் சொல்லிக் குடுப்பாரு, டிக்கெட்டும் அவரே எடுத்துக் குடுத்தாரு. இவ என்கிட்ட ஓடி வந்து கையப் பிடிச்சுக்கிட்டா. "மேடம், அங்க சேந்துட்டா மாசாமாசம் உதவித்தொகை தருவாங்க. எங்கம்மாவ இனிமே கரும்புக்குப் போகாதன்னு சொல்லிடுவேன்"னு. எனக்கும் சந்தோஷம்தான். நான் என்ன கல்லா?

ஆனா ரயில் எப்போ? விழா அன்னிக்கே சாயங்காலம், காட்பாடியில. விழா பதினொரு மணிக்கு. மதியம் கிளம்பினா தாராளமாப் போய்ச் சேரலாம். பேசிட்டுப் போன்னேன். சரி மேடம்னா. அவளே சொன்னா, சரின்னு. அந்த ஞானசேகர்தான் வந்து குதிச்சாரு. வேற பிள்ளையப் பேச வைங்க மேடம், அவ வாழ்க்கை இதுலதான் இருக்குன்னு. சார், எனக்கு நூத்துக்கு மேல பிள்ளைங்க இருக்கு, அதுங்க வாழ்க்கை எதுல இருக்குன்னு கேட்டேன்.

விழா அன்னிக்கு ஷாமியானா போட்டாச்சு. வாசல்ல கோலம், வாழை மரம், சீரியல் லைட். பதினொண்ணு ஆச்சு, சேர்மன் வரல. ஒண்ணு ஆச்சு, வரல. வழியில ஒரு கல்யாணமாம், பெரிய இடம், தட்ட முடியலயாம். பெரிய மனுஷங்கன்னா நாலு இடத்துக்குப் போகத்தானே வேணும்? இவ பைய மேடை ஓரமா வெச்சுட்டு, சும்மாச் சும்மா என் பக்கத்துல வந்து நிக்கறா. மேடம், கிளம்பட்டுமா? மேடம், கிளம்பட்டுமா? வேற யாராவது பேசட்டும் மேடம், நானே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்னா. எழுதினதப் படிக்கறதக் கேக்கவாடி அவரு மெட்ராஸ்ல இருந்து வராருன்னு அதட்டினேன். போய் உக்காந்துட்டா.

கேட்டப் பூட்டிச் சாவிய இடுப்புல செருகிக்கிட்டேன். அவளுக்காகப் பூட்டல, தப்பா நெனைக்காதீங்க. வி.ஐ.பி. வர்ற நேரத்துல பிள்ளைங்க வெளிய போறதும் வர்றதுமா இருந்தா நல்லாவா இருக்கும்? நாலு மணிக்கு வெளியில அந்த ஞானசேகர் பைக்க நிறுத்திக்கிட்டு கேட்டத் தட்டறாரு. பேரச் சொல்லிக் கூப்பிடறாரு. இவ எழுந்து நின்னு என்னையப் பாக்கறா. நான் கண்ணால உக்காருன்னேன். உக்காந்தா. என் பேச்ச அவ மீறினதே இல்லம்மா, அதுக்காகவே அவள எனக்குப் பிடிக்கும்.

சேர்மன் வந்து இறங்கினப்ப லைட்டெல்லாம் போட்டாச்சு. மாலை, பொன்னாடை, அவரு பேச்சு, கூட வந்தவங்க பேச்சு. அப்புறம் பயனாளி.

ஐயோ சகாயமேரி, அன்னிக்குப் பேசினா பாருங்க ஒரு பேச்சு! இத்தனை வருஷத்துல அவ அப்படிப் பேசினதே இல்ல. பேரு, ஊரு எல்லாம் சொன்னா. கரையில நின்னேன்னா. மண்ணு சரிஞ்சுதுன்னா. நிறுத்தினா. நான் மூணு வரைக்கும்தான் எண்ணச் சொல்லியிருந்தேன். இவ நின்னவ நின்னுக்கிட்டே இருக்கா. மைக்க ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுத் தேம்பறா. உடம்பெல்லாம் குலுங்குது. கீழ உக்காந்திருந்த பிள்ளைங்க அத்தனையும் அழுதுங்க. சமையக்காரம்மா அழுதாங்க. சேர்மன் எழுந்து மேடை ஓரத்துக்கே போயி அவ தலையில கைய வெச்சாரு. ஒரு மாடின்னு சொல்லிக்கிட்டு வந்த மனுஷன், அங்கயே, அந்த மைக்லயே ரெண்டு மாடின்னு சொல்லிட்டாரு! ஒரே ஒரு குறைதான். எதிர்ச் சுவத்துல கடியாரம் இருந்துச்சு, அதையே பாத்துக்கிட்டுப் பேசினா. சேர்மனப் பாத்துப் பேசியிருக்கணும். நான் அதச் சொல்லிக் குடுக்காம விட்டுட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, அவரு கூட வந்த கார்ல ஒண்ணக் கேட்டு உடனே காட்பாடிக்கு அனுப்பி வெச்சேன். யாரு செய்வா? ஆனா ரயில் போயிடுச்சு. அடுத்த நாள் ரயில்ல போனா இண்டர்வியூ முடிஞ்சப்புறம்தான் இறங்கணுமாம். ஞானசேகர் அங்க போன் பண்ணிக் கெஞ்சிப் பாத்தாராம், இன்னொரு நாள் தர முடியாதுன்னுட்டாங்களாம். என்ன நியாயம் இது? ஒரு மனுஷனுக்காக நாங்க அத்தனை பேரும் காலையில இருந்து இருட்டற வரைக்கும் காத்துக் கிடக்கலையா? இவங்களால ஒரு பொண்ணுக்காக ஒரு நாள் காத்திருக்க முடியாதா?

அடுத்த வருஷம் எழுதேன்டின்னேன். பரீட்சைய எழுதினா, பெட்டியத் தூக்கினா, போயிட்டா. போயிட்டு வரேன் மேடம்னு ஒரு வார்த்தை சொல்லிக்கல. ஸ்காலர்ஷிப் வராததால சர்டிபிகேட் காலேஜ்லயே கெடக்கு, அதில்லாம எங்க எழுதறதுன்னு கூடப் படிச்சவகிட்ட சொன்னாளாம். அது கவர்மெண்ட் விஷயம், அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

இப்ப கட்டடம் எழும்பி நிக்குது. வந்து பாருங்க ஒரு நாள். ரெண்டு மாடி, டைல்ஸ் போட்டது. கக்கூஸ்ல தண்ணி கொட்டுது. ஒரு பிள்ளையும் முள்ளுக்காட்டுப் பக்கம் போறதில்ல. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. போன வாரம் சேர்மனே போன்ல வந்துட்டாரு. அந்தப் பொண்ணு எப்படிம்மா இருக்கா, அவதான் பேசணும்னாரு. நல்லா இருக்கா சார், ஆராய்ச்சி பண்றான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது, ஷூ தைக்கறான்னா? அவரு மனசு என்ன பாடுபடும்? அழைப்பிதழும் அடிச்சாச்சு. பாருங்க, பையிலயே வெச்சிருக்கேன். 'பயனாளி பேசுவார்: செல்வி எழிலரசி, ஆராய்ச்சி மாணவி.' லேப்ல போடற வெள்ளைக் கோட்டு ஒண்ணும் கேட்டு வாங்கிக்கிட்டு வந்திருக்கேன். அவ அளவுதான், சரியா இருக்கும்.

மணி அடிச்சிடுச்சா? அதோ, அந்த நீலக் கோட்டு போட்டுக்கிட்டு வர்றவதானே? இளைச்சிட்டாளே! கொஞ்சம் தள்ளி அந்த மரத்துக்கிட்ட நின்னு பேசிக்கறேம்மா.

* * *

போயிட்டா. பாத்தீங்க இல்ல, எவ்வளவு நேரம் நின்னா? டீகூடக் குடிக்கல.

இல்லம்மா, சண்டை ஒண்ணும் போடல. சண்டை போட்டிருந்தாக்கூடச் சமாளிச்சிருப்பேன். சாப்டீங்களா மேடம்னுதான் முதல்ல கேட்டா. முட்டி வலி எப்படி இருக்குன்னா. விரல்ல நாலு இடத்துல பிளாஸ்திரி, ஊசி ஏறிடுச்சாம். அழைப்பிதழக் கையில குடுத்தேன். படிச்சா. தன் பேருக்குப் பக்கத்துல போட்டிருந்தத ரெண்டு தடவ படிச்சா. மடிச்சு என் கையிலயே வெச்சுட்டா. வர முடியாது மேடம்னா. லீவு நான் கேட்டுத் தரேன், உங்க மேனேஜர்கிட்ட நான் பேசறேன்னேன். லீவுக்கில்ல மேடம்னா.

ஒரே ஒரு தடவதான்டி, இதோட விட்டுடறேன், அப்பாவப் பத்திச் சொல்லிட்டு நன்றி சொன்னாப் போதும்னேன்.

அப்பத்தான் சொன்னா. குரல உசத்தல, அழல. "மேடம், இப்பல்லாம் கண்ண மூடினா நான் கிணத்துக் கரையில நிக்கறேன். கையில சோத்துத் தூக்கு இருக்கு. அப்பா அண்ணாந்து பாக்கறாரு. நீங்க சொன்ன மாதிரியே 'படிம்மா எழிலு'ங்கறாரு. எங்கப்பா என்னைய எழிலுன்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல மேடம். வேற ஒரு பேரு சொல்லிக் கூப்பிடுவாரு, வீட்டுல மட்டும். அன்னிக்குக் காலையில நான் ஸ்கூலுக்குக் கிளம்பறப்பகூட அதச் சொல்லித்தான் கூப்பிட்டாரு. எனக்கு அது மறந்து போச்சு. அம்மாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். பேரு தெரிஞ்சிடுச்சு, ஆனா அவரு குரல்ல அது கேக்க மாட்டேங்குது மேடம். அப்பான்னு எனக்கு அந்த ஒரு குரல்தான் மிச்சம் இருந்துச்சு." இவ்வளவுதான் சொன்னா. மணி அடிக்கப் போகுது மேடம், பாத்துப் போங்கன்னுட்டுப் போயிட்டா.

அது என்ன பேருன்னு கேக்கறதுக்குள்ள போயிட்டா.

அடடே, ஏம்மா, நீங்க எதுக்கு அழறீங்க? துடைங்க, யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க. பாத்தீங்களா, அவ சொன்னத நான் திருப்பிச் சொன்னதுக்கே உங்களுக்கு இப்படி இருக்கு! இதையே அவ வெள்ளிக்கிழமை மேடையில நின்னு சொன்னா எப்படி இருக்கும்? சேர்மன் உக்காந்திருப்பாரா? இன்னொரு மாடி எழும்பாது? இருக்கற திறமையெல்லாம் இந்தப் பொண்ணு தோலு தைக்கறதுல விட்டுட்டு உக்காந்திருக்கா, எனக்கு வயிறு எரியுதும்மா.

சரி, ஆனது ஆச்சு, விழா நிக்கக் கூடாதில்ல. உங்ககிட்ட பேனா இருந்தா குடுங்க. இந்த அழைப்பிதழ் பின்னாடியே குறிச்சுக்கறேன், பஸ் ஏறினா மறந்துடும். 'அவரு குரல்ல அது கேக்க மாட்டேங்குது.' அப்படித்தானே சொன்னா? இந்த வருஷம் புதுசா ஒரு பொண்ணு சேந்திருக்கா. நல்ல குரலு, கணீர்னு இருக்கும். அவளுக்கு அப்பா உசுரோடதான் இருக்காரு, கொத்தனார் வேலை. பரவால்ல, சொல்லிக் குடுத்துக்கலாம்.